பாட்டையா போட்ட ரங்கூன் காகிதம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு அப்பச்சி எழுதுவது.

ஆத்தாவும் நானும் நலம். ஓடு மாற்றுவதற்காக இரண்டாங்கட்டு அறையைக் காலி செய்தபோது உன் பாட்டையாவின் தகரப் பெட்டி வெளியே வந்தது அல்லவா, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஸ்டாம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கவரையெல்லாம் கழித்துவிடலாம் என்று போனில் சொன்னாய். வேண்டாமப்பா. பத்து வயதில் நான் அதைத்தான் செய்தேன். பர்மா ஸ்டாம்புகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்துவிட்டு, கவர்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவற்றில் என்னென்ன முத்திரை இருந்தன என்று இனி யாரைக் கேட்பது?

மிஞ்சியதில் ஒரு கவர். முன்பக்கம் ரங்கூன் முத்திரை, 29 டிசம்பர் 1941. ரங்கூனில் ஜப்பான்காரன் போட்ட முதல் குண்டு விழுந்தது 23ஆம் தேதி. போர்க்காலத்தில் தபாலைத் தணிக்கை செய்த சென்சார்காரர்கள் கவரின் இடது ஓரத்தை நறுக்கித் திறந்து, படித்துவிட்டு, ஒரு காகிதப் பட்டையால் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். பட்டையில் 'ஓப்பன்டு பை எக்ஸாமினர்' என்ற அச்சு, பசை பழுப்பேறிவிட்டது. அதன்மேல் சென்சார் முத்திரை, பட்டையில் பாதியும் கவரில் பாதியுமாக. அப்படி விழுந்திருந்தால்தான் பட்டை அந்தக் கவருடையது என்று நம்பலாம். பின்னாளில் ஒட்டி விற்கிறவர்களும் உண்டு. திருப்பினால் காரைக்குடி முத்திரை: 12 பிப்ரவரி 1942. நடுவில் 45 நாள்.

"குண்டு விழுந்த சேதி ஊரெல்லாம் வந்தும் ஒண்ணரை மாசமா ஒரு காகிதம் போடத் தோணலையே உங்க ஐயாவுக்கு" என்று என் அப்பத்தா கடைசிவரை சொல்லிச் சொல்லி அழுவார்கள். அவர்களுக்கு எழுத்து தெரியாது. ஐயா, அதாவது உன் பாட்டையா, ஆறாம் நாளே போட்டிருக்கிறார், தம்பி. காகிதம்தான் வழியிலும் சென்சார் மேஜையிலும் கிடந்திருக்கிறது.

இன்னொன்று, நம் கணக்குப்பிள்ளையின் மகன் 1944இல் பட்டாளத்திலிருந்து போட்டது. ஸ்டாம்பு இல்லை, மேலே கையால் 'ஆன் ஆக்டிவ் சர்வீஸ்', அதாவது போர்ப் பணியில் என்று எழுதியிருக்கிறது. முத்திரையில் ஊர்ப் பெயர் இராது, எஃப்.பி.ஓ. (ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ், பட்டாளத்தின் அஞ்சலகம்) என்றும் ஓர் எண்ணும்தான். படை எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாதே. எந்த எண் எங்கே இருந்தது என்று பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் படை நகர்ந்தால் அந்த அஞ்சலகமும் கூடவே நகரும். அதனால் தேதியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கவரில் பட்டை கிடையாது. ஒட்டுவதற்கு முன்பே அவருடைய அதிகாரி வாசித்து, மூலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கத்தில் சென்சார் முத்திரை. பட்டை ஒட்டியது பெரும்பாலும் பொதுமக்கள் தபால், கையெழுத்துப் போட்டது பட்டாளத் தபால். முதலில் இதைப் பார்த்துக்கொள்.

அப்புறம், பழைய பர்மா ஸ்டாம்பின் மேலேயே மயில் உருவத்தை மறுபடி அச்சிட்டதை யாராவது காட்டினால் அது 1942இல் ஜப்பான்காரன் பிடித்த பிறகு வந்தது. அப்போது அங்கிருந்து நமக்குத் தபாலே கிடையாது. அந்த ஸ்டாம்போடு அந்த வருஷத்துக் காரைக்குடி முத்திரையும் இருந்தால் வாங்காதே.

எதையும் ஆவி காட்டிப் பிரிக்காதே, செலோடேப் ஒட்டாதே. அப்பத்தா இருந்த நாளில் இந்த முத்திரைகளை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சித்திரையில் வரும்போது நல்ல லென்ஸ் ஒன்று வாங்கி வா. பெட்டியில் இன்னும் பிரிக்காத கட்டு இரண்டு இருக்கிறது.

அன்புடன்,
அப்பச்சி