கயிற்றின் மறுமுனையிலும் ஒரு முடிச்சு

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பு மகள்,

வீட்டுக்கு வரும் வழியில் தாய்லாந்தில் ஒரு கிழமை நின்று றெய்லேயில் பாறை ஏறப்போகிறாய் என்று நீ சொன்னதும் அம்மா போனை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டா. நான் உன்னை மறிக்கப்போவதில்லை. ஆனால் போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய், அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஷெஃபீல்டில் இவ்வளவு நாளும் நீ ஏறியது கட்டடத்துக்குள் இருக்கிற சுவரில். அங்கே மேலே போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது, இறக்கிவிடுவார்கள். வெளிப்பாறையில் அப்படியில்லை. பாதி வழியில் விரல் வழுக்கும், கால் தந்தியடிக்கும், நெஞ்சு படபடக்கும். கீழே பாறையில் துளைத்துப் பதித்த நல்ல போல்ட்டும் நல்ல கயிறும் இருந்தால் அந்த இடத்தில் விழுந்தாலும் பெரும்பாலும் தொங்கிவிட்டுத் திரும்ப ஏறலாம். உச்சிக்குப் போனதும் மூச்சு அடங்கும், மனம் குளிரும், கீழே பார்த்துச் சிரிப்பாய். உயிர் போகிற பிழைகள் பல நடப்பது அந்த நேரத்தில்தான். போட்டு முடிக்காத முடிச்சு, நீளம் போதாத கயிறு, கீழே கயிறு பிடித்து நிற்கும் தோழிக்கு விளங்காத சத்தம்: இந்த மூன்றில் எதற்கும் கைப்பலம் தேவையில்லை.

லின் ஹில்லை உனக்குத் தெரியும். அமெரிக்காவின் எல் கப்பிற்றான் பாறையில் நோஸ் என்ற வழியை 1993இல் கைகாலால் மட்டுமே ஏறி முடித்த முதல் ஆள் அவதான். அதற்கு நான்கு வருடம் முந்தி, பிரான்சில் பியூக்ஸ் என்ற இடத்தில், இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸ் பட்டியில் கயிற்றைக் கோத்தவ முடிச்சை முடிக்க மறந்து ஏறிவிட்டா. உச்சியில் பின்னால் சாய்ந்தபோது கயிறு உருவிக்கொண்டு வந்தது. ஒரு மரம் தாங்கியபடியால் உயிர் தப்பினா. அவவுக்கே நடந்தது, மகள்.

ஆகவே எட்டு வடிவ முடிச்சைப் போட்டதும் எண்ணு. கயிறு இரண்டிரண்டாக, ஒன்றையொன்று குறுக்கிடாமல், ஐந்து இடத்தில் பக்கம் பக்கமாக ஓடவேண்டும். மிஞ்சும் வால் கயிற்றுத் தடிப்பின் பத்து மடங்கு: உன் கயிறு 9.8 மில்லிமீட்டர் என்றால் பத்து சென்ரிமீட்டர், உன் உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் கூட. ஹார்னஸில் இடுப்புக்கும் காலுக்கும் உள்ள இரண்டு கோப்பிடங்களுக்குள்ளாலும் கயிறு போயிருக்கவேண்டும். முடிச்சுப் போடும்போது யாராவது கதை கொடுத்தால் பதில் சொல்லாதே. மரியாதைக் குறைவு என்று நினைத்தால் நினைக்கட்டும். பிறகு தோழியின் கயிறு பிடிக்கும் கருவியில் கயிறு சரியான பக்கத்தால் ஓடுகிறதா, காரபினர் கொளுக்கி பூட்டியிருக்கிறதா என்று நீ பார். உன் முடிச்சை அவள் தொட்டுப் பார்க்கட்டும். ஏறின ஐம்பதாவது தரமும் இதையே செய்யவேண்டும்.

கயிற்று நீளத்தில் சின்னக் கணக்கு இருக்கிறது. 60 மீட்டர் கயிற்றில் இறங்கக்கூடிய உயரம் 30 மீட்டர்தான், அதிலும் முடிச்சுக்கே கொஞ்சம் போய்விடும். வழி 32 மீட்டர் என்றால் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது நீ நிலத்துக்குச் சில மீட்டர் மேலே தொங்க, கயிற்றின் கடைசி நுனி தோழியின் கருவிக்குள்ளால் சறுக்கிப் போய்விடும். கவனமான ஆட்களுக்கும் இது நடக்கிறது, ஏனென்றால் கயிறு பிடிப்பவளின் கண் மேலே உன்னில் இருக்கும், கீழே குறைந்துகொண்டு போகிற கயிற்றில் இராது. மறுநுனியில் ஒரு முடிச்சு போட்டுவிட்டால் இந்தக் கரைச்சல் இல்லை. பத்துச் செக்கன் வேலை.

இறங்கமுன் மேலே போல்ட் வளையத்தில் செய்யவேண்டியதை நிலத்தில் நின்றே இருபது தரம் செய்து பழகு. முதலில் ஹார்னஸில் கட்டிய உன் ஸ்லிங் நாடாவைப் பூட்டுக் காரபினரால் போல்ட்டில் கோத்து அதில் பாரத்தைப் போடு. அந்த ஸ்லிங் இழுபடாது. தளரவிட்டு அதற்கு மேலே ஏறாதே, ஒரு மீட்டர் விழுந்தாலும் இடுப்பும் போல்ட்டும் வாங்கும் அடி பெரிது. அடுத்ததாகக் கயிற்றை மடித்து வளையத்துக்குள்ளால் தள்ளி, அந்த மடிப்பில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டு, பூட்டுக் காரபினரால் ஹார்னஸின் முன்னாலுள்ள பிலே வளையத்தில் மாட்டு. அதன் பிறகே பழைய முடிச்சை அவிழ்த்து, அந்த நுனியை வளையத்துக்குள்ளால் உருவி எடு. இந்த முறையில் ஒரு நிமிடம்கூட நீ கயிற்றிலிருந்து கழன்றிருக்கமாட்டாய். மடிப்புப் போகாத அளவுக்கு வளையம் ஒடுக்கமென்றால் வேறு முறை வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் நேரில் பழகு, வீடியோவில் வேண்டாம். கடைசியாகக் கயிற்றை இறுக்கச் சொல்லி, பாரம் கயிற்றில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு ஸ்லிங்கைக் கழற்று.

மேலே ஏறமுன்னமே "நீ என்னை இறக்குவாய், நான் தானாக இறங்கமாட்டேன்" என்று பேசி முடிவெடுங்கள். அந்தக் கரையில் நீளவால் படகுகளின் எஞ்சின் போடும் சத்தத்தில் மேலேயிருந்து கத்துவது பாதிதான் கேட்கும். "சரி" என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் தோழி கயிற்றை விட்டுவிட்டால், பிறகு சொல்ல ஒன்றுமில்லை.

நம் பல்கனிக் கம்பியைப் பார்த்திருக்கிறாய்தானே. கடற்காற்றுக்கு இரண்டு வருடம் தாங்காது, மேலே பெயின்ற் நன்றாக இருக்கும், விரலால் தட்டினால் உள்ளே பொருபொருவென்று கொட்டும். றெய்லேயும் கடலோரச் சுண்ணாம்புப் பாறைதான். அங்கே துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டுக்கும் உள்ளுக்குள் வெடிப்பு விழும். வெளியே துரு பெரிதாகத் தெரியாமலே ஒரு ஆளின் பாரத்துக்கு முறிந்ததுண்டு. அதனால்தான் அங்கே டைட்டேனியம் போல்ட்டைப் பசை வைத்துப் பதித்திருக்கிறார்கள். மங்கல் சாம்பல் நிறம், நட்டு இராது. நட்டும் தகடும் உள்ள பழைய போல்ட்டைக் கண்டால், எவ்வளவு மினுங்கினாலும், அந்த வழியை விட்டுவிடு. பாறைத் துளைக்குள்ளால் கட்டி விட்டிருக்கும் வெளிறிய நாடாக்களையும் நம்பாதே, வெயில் அவற்றைத் தின்றிருக்கும்.

ஹெல்மெட் போடு. கயிறு காலுக்குப் பின்னால் ஓடவிடாதே, விழும்போது தலைகீழாகப் புரட்டிவிடும். இரண்டாவது போல்ட்டுக்குக் கயிற்றைத் தலைக்கு மேல் இழுத்து மாட்டாதே. அந்த நேரம் விழுந்தால் நிலம்தான். இடுப்பு மட்டத்துக்கு ஏறிய பிறகு மாட்டு. காப்புறுதிப் பத்திரத்தில் பாறையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று வாசி. அங்கே படகில்தான் வெளியே வரலாம். அவசர மருத்துவ இலக்கம் 1669.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் ஏறவேண்டும் என்று அம்மா கேட்கிறா. நகத்தளவு விளிம்பில் பெருவிரலை வைத்து, கையை மடக்காமல் நீட்டிப் பிடித்து, இடுப்பைச் சுவரோடு ஒட்டி மெல்லப் பாரத்தைக் காலுக்கு மாற்றும்போது, முடியவே முடியாது என்றிருந்த இடம் முடிந்துவிடும். அந்தச் சில நொடிக்குள் பரீட்சை, வாடகை, விசா ஒன்றும் தலைக்குள் இராது. தன் உயிரை இன்னொருத்தியின் கையில் கொடுக்கவும், அவளுடையதை வாங்கவும் பழகுகிறாய். அதை வேறெங்கே படிப்பது? இதை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் கதையைப் பிறகு பேசுவோம். இப்போதைக்கு இதை மட்டும் வைத்திரு: 3000 மீட்டருக்கு மேலே, படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரே இடத்தில் தங்கு. தலையிடி என்றால் மேலே போகாதே. குதியும் விரலும் முட்ட நேர்கோட்டில் நடக்க ஏலாமல் தள்ளாடினால் அன்றிரவே கீழே இறங்கு. 2016இல் ஜயந்தி குரு உதும்பால இலங்கையரில் முதலாவதாக எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது, கூடப் போன ஜொஹான் பீரிஸ் 8400 மீட்டரில் திரும்பினார். உச்சிக்கு 450 மீட்டர்கூட மிச்சமில்லை. இரண்டு வருடம் கழித்து 2018 மே மாதம் போய் ஏறினார்.

கயிற்றோடு இங்கே வந்ததும் மலையகத்தில் பாறை தேடி ஓட நினைப்பாய். தொல்பொருள் இடங்களையும் விகாரைப் பாறைகளையும் தொடாதே. மற்றப் பாறைகளில் மேலே வளைந்த இடங்களின் அடியைத் தூரக்கண்ணாடியால் பார்; தேனடையோ குளவிக்கூடோ இருந்தால் அன்று ஏற்றம் இல்லை. தோட்டத்தில் குளவி கொட்டினால் ஆட்கள் ஓடியாவது தப்பலாம். நீ கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பாய்.

றெய்லேயை விட்டுப் புறப்படமுன் காரபினர்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடை. கயிற்றை இங்கே பல்கனியில் காயப்போட விடமாட்டேன், வெயிலும் உப்பும் கூடாது. வான் வண்டியில் பற்றறி இருக்கிற பக்கமும் வைக்கக்கூடாது; அமிலம் பட்டால் நைலோன் வெளியே தெரியாமலே செத்துவிடும். உன் அறை அலுமாரியின் கீழ்த்தட்டைக் காலியாக்கி வைத்திருக்கிறேன். அம்மம்மா கேட்டால் அது உடுப்புக் கொடி என்று சொல்லிக்கொள்.

அன்புடன்,
அப்பா