மூன்றாவது புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது

ராயபுரம்,
மே 20

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் உன்னோடு மல்லுக்கட்ட சரியான பதில் கிடைக்காமல்தான் இழுத்தடித்தேன்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. கரையோரம் பிடித்து வரும் கொஞ்ச மீனுக்கு அடிதடி. சங்கராவுக்கே வஞ்சிரம் விலை சொல்கிறார்கள். வீட்டில் கருவாட்டுக் குழம்புதான்.

சரி, பாட்ரீசியா கார்ன்வெல்லின் துப்பறியும் நாவல்களில் வரும் பிரேதப் பரிசோதனை டாக்டர் ஸ்கார்பெட்டா விஷயம். "செத்தவன் எழுந்து வந்தான், நான் புத்தகத்தை மூடிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். 1998இல் அவளுடைய காதலன் பெண்டனைக் கொன்றுவிட்டு 2003இல் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினார் கார்ன்வெல். எனக்கும் அது ஜீரணமாகவில்லை. அவனுக்காக மூக்கைச் சிந்தியவள் நான், ஏமாந்துபோன மாதிரி இருந்தது. உன் கோபம் நியாயம்தான். ஆனால் அதற்கு முன்பே வேறொன்று போய்விட்டது என்பது என் கட்சி.

முதல் புத்தகம் 'போஸ்ட்மார்ட்டம்' உனக்கு நினைவிருக்கும். 1990இல் வந்தது. வர்ஜீனியாவின் தலைமைப் பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் கார்ன்வெல் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். அந்த அனுபவம் வரிக்கு வரி தெரியும். டிஎன்ஏ சோதனை புதிதாக வந்த காலம். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை ரிச்மண்ட் நகரத்துப் பெண்கள் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு தூங்காமல் கிடப்பார்கள். கொலைகாரனிடம் பாகு வாசனை வருமே, அந்த இடத்தில் நான் துள்ளி எழுந்தேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் இருந்தவளுக்கு அது வெறும் துப்பு இல்லை. லூசின் முதலான மூன்று அமினோ அமிலங்களை உடம்பு உடைக்க முடியாமல் போனால் சிறுநீரே வெல்லப்பாகு போல மணக்கும். பாடத்தில் படித்ததுதான், நேரில் பார்த்ததில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தையிலேயே ஆளைக் கொண்டுபோகிற வியாதி அது, சிகிச்சை இல்லாமல் வளர்ந்த மனிதனுக்கு லேசான வகையாக இருந்தால்தான் உண்டு. கதைக்காகக் கொஞ்சம் வலிந்து சேர்த்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் போதுமாக இருந்தது.

கீழ்வீட்டுப் பெண் சட்டம் படிக்கிறாள். அவள் நேராக 2021இல் வந்த புத்தகத்தில் ஆரம்பித்துவிட்டாள்! அவளுக்கு ஸ்கார்பெட்டாவின் உடன்பிறந்தவள் மகள் லூசியின் ஹெலிகாப்டரும் கம்ப்யூட்டர் வித்தையும்தான் பிடித்திருக்கிறது. முதல் புத்தகத்தில் லூசி பத்து வயசுப் பிள்ளை என்று சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறாள். என் கொழுந்தனார் நேர் எதிர். அவருக்கு முதல் ஐந்துக்குப் பிறகு எல்லாமே குப்பை. 2007 புத்தகத்தில் ஸ்கார்பெட்டாவோடு வேலை பார்க்கும் துப்பறிவாளன் மரினோ குடித்துவிட்டு அவளிடம் கை வைத்தான் இல்லையா, அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார். அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி நான் வாங்கிக் கொடுத்தது! அதைச் சொன்னால் மனிதர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

என் கணக்கு வேறு. செத்தவர் யார் என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் யோசித்துப் பார்த்தேன். முதல் சிலவற்றில் ஒவ்வொருவரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் என்ன வேலை செய்தார்கள், அலமாரியில் என்ன இருந்தது, வெளியே யார் காத்திருந்தார்கள், எல்லாம். பிற்பாடு வந்தவற்றில் யார் செத்தார் என்பதே மறந்துவிட்டது. ஸ்கார்பெட்டாவுக்கு யார் எதிரி, அவளை யார் வேவு பார்க்கிறார்கள், லூசி யாரோடு சண்டை, இதுதான் மிச்சம். பிணம் மேசையில் அப்படியே கிடக்கிறது, சுற்றி நின்று குடும்பச் சண்டை போடுகிறார்கள்.

நம் ஊரில் எப்படி? விசெராவை, அதாவது செத்தவரின் உள்ளுறுப்புகளை, உப்புக் கரைசலில் போட்டு அனுப்பினால் ரிப்போர்ட் வர மாதக்கணக்கு. அப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் பொதுவாகப் பிரேதப் பரிசோதனை கிடையாது. இரவிலும் செய்யலாம் என்று 2021இல்தான் தளர்த்தினார்கள். நான் வேலையில் இருந்தபோது சவக்கிடங்கு வாசல் வேப்பமரத்தடியில் குடும்பம் குடும்பமாக விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் டீ வாங்கி வருவார், யாரும் குடிக்க மாட்டார்கள். அந்தக் காத்திருப்பு முதல் புத்தகங்களில் இருந்தது. இப்போது வரும் புத்தகங்களில் காலையில் அனுப்பினால் மாலையில் பதில்.

அம்மா ஆளவந்தார் கொலைக் கதை சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? 1952இல் உடல் ட்ரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரையில் கிடைத்தது, தலை நம் ராயபுரம் கடற்கரையில். பழைய ராணுவப் பதிவில் இருந்த கைரேகையை வைத்து அவர்தான் என்று உறுதி செய்தார்கள். அம்மா கொலையைப் பற்றி அதிகம் பேச மாட்டார். பாரிமுனைப் பேனாக் கடைக்காரர், காது குத்தியிருந்தவர் என்றுதான் ஆரம்பிப்பார். அம்மாவுக்குக் கதை சொல்லத் தெரிந்திருந்தது.

இவ்வளவு குறை சொல்கிறாயே, பிறகு ஏன் இன்னும் வாங்குகிறாய் என்று கேட்பாய். மரினோவுக்காக. அந்தத் தப்பை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் பழகிய ஆள், என்ன ஆனான் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. உன் பெரிய மாமனாரை நீ இன்னும் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லையா, அதுபோல.

அப்புறம், ஜோடி ஜோடியாகக் காணாமல் போவார்களே, அந்த மூன்றாவது புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று சாதிக்காதே, முதல் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அதைத்தான் கொடுக்கப் போகிறேன். ஜூன் 15க்கு மேல் வா, படகு கடலுக்குப் போயிருக்கும். வஞ்சிரம் வறுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
சரோஜா