இயந்திரத்தை எடுத்துப்போக வந்த தம்பிக்கு

மாஸ்க் மாட்டிப் படுத்தால் மூக்கு அடைத்துக்கொண்ட என் கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. "எப்படி இருக்கே?" என்று கேட்ட பாவத்துக்கு நீங்கள் எல்லோரும் அதை வேண்டிய மட்டும் கேட்டுவிட்டீர்கள். இப்போது தூங்குகிறேன். மாஸ்க்கோடு, விடியும் வரை. சூட்டோடு சூடாக நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் சிபேப் (CPAP) இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருந்தேன்; அதைத் திரும்ப எடுத்துப்போக வந்த தம்பிக்கு. மூக்கடைப்பு தாங்காமல், இனி வேண்டாம் என்று நான் சொல்லியாயிற்று. பெட்டியில் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினால் அவர் வேலை முடிந்தது. குழாயைக் கழற்றப் போனவர் சட்டென்று நிமிர்ந்து, "அக்கா, காலையில எழுந்திருக்கும்போது வாய் காய்ஞ்சிருக்குமா?" என்றார்.

மூக்கைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. வாயைப் பற்றிக் கேட்டது அவர் ஒருவர்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றேன். திரையில் காற்றுக் கசிவின் அளவைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூக்கு அடைப்பதால் வாய் திறக்கிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அது பாதிதான் என்றார். மூக்கு வழியாகத் தள்ளப்படும் காற்று தூக்கத்தில் வாய் வழியாக ஓடிவிடுகிறது. வெளிவிடும் மூச்சிலிருந்து மூக்குக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய ஈரம் கிடைப்பதில்லை. காற்று ஒரே திசையில் ஓடி ஓடி உள்சவ்வு காய்ந்து வீங்குகிறது. அடைப்பு கூட, வாய் இன்னும் திறக்கிறது; வாய் திறக்க, அடைப்பு இன்னும் கூடுகிறது. இதற்குமுன் எனக்கு யாரும் இப்படிப் பொறுமையாக விளக்கியதில்லை.

அப்புறம் என்னைப் படுக்கச் சொன்னார். உட்கார்ந்து மாட்டினால் சரியாக இருக்கும் மாஸ்க், படுத்ததும் இடம் மாறிவிடுமாம். இயந்திரம் ஓட ஓடவே பட்டைகளைத் தளர்த்திச் சரிசெய்தார். காற்றை ஈரமாக்கும் நீர்த்தொட்டியின் சூட்டைக் கூட்டினார். அதில் காய்ச்சி வடித்த நீரை (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் ஊற்றச் சொன்னார். குழாயில் தேங்கும் நீர் முகத்துக்கு வராமல் இருக்க, இயந்திரத்தைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தார். "அழுத்தத்தை நான் தொட மாட்டேன், அது டாக்டர் சொல்லணும்" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. வாயும் மூக்கும் சேர்ந்து மூடும் மாஸ்க் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லிவிட்டு, பெட்டியை வெறுமையாகவே எடுத்துக்கொண்டு கிளம்பினார். கம்பெனியில் என்ன சொல்லிச் சமாளித்தாரோ!

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மாஸ்க்கை மாற்றிக் கொடுத்த டாக்டருக்கு. அடைப்பை நீக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும் என்று கண்டிப்பாக நிறுத்தவைத்த காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு. ஸ்டீராய்டு ஸ்பிரேயை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடிக்காமல் காதுப் பக்கம் சாய்த்து அடிக்கச் சொல்லிக்கொடுத்த செவிலியருக்கு. கொதித்து ஆறிய நீரில்தான் மூக்கு கழுவ வேண்டும் என்று போனிலேயே காவல் காத்த அண்ணிக்கு. அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்த என் வீட்டுக்காரருக்கு. 1981-இல் சிட்னியில் 5 நோயாளிகளிடம் இந்த சிபேப் முறையைச் சோதித்து வெளியிட்ட காலின் சல்லிவன் குழுவினருக்கும் ஒரு கும்பிடு. அவர்களைத் திட்டிய இரவுகளும் உண்டு.

மாஸ்க் மாட்டினால் மூக்கு அடைக்கிறது என்று இனி யார் என்னிடம் சொன்னாலும், "வாய் காய்ஞ்சிருக்கா?" என்று கேட்காமல் விடமாட்டேன். எத்தனை இயந்திரங்கள் இந்தக் கேள்வி இல்லாமல் பெட்டிக்குத் திரும்பியிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

தம்பி, நீங்கள் கூச்சப்படுவீர்கள் என்றுதான் பெயரை இங்கே போடவில்லை. உங்கள் கம்பெனிக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.