27ஆம் லான்சர்ஸுக்குத் தனி இடம் தருக: ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் குதிரைப்படை வரலாற்றைக் காத்துவரும் அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 1940 டிசம்பரில் 12ஆம் லான்சர்ஸிலிருந்து பிரித்தெடுத்த வீரர்களை அடித்தளமாகக் கொண்டு எழுப்பப்பட்டு, 1945இல் கலைக்கப்பட்ட 27ஆம் லான்சர்ஸ் படைப்பிரிவைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். பெயரில் ஈட்டி ('லான்ஸ்') இருந்தாலும் அவர்கள் ஓட்டியவை கவச வண்டிகள். முன்னே சென்று பகைவரின் இருப்பிடத்தை வேவு பார்த்து வானொலியில் தெரிவிப்பதே அவர்களது வேலை.

தொடக்கத்தில் 11ஆம் கவச டிவிஷன் என்ற பெரும் படையணியில் இருந்த அவர்களுக்கு உண்மையான சோதனை 1944இன் இறுதியில் இத்தாலியில்தான் வந்தது. ரவென்னா நகரின் தெற்கே கால்வாய்களும் வெள்ளம் புகுந்த வயல்களும் பரந்துகிடக்க, வண்டி செல்ல மிஞ்சியது குறுகிய கரைப்பாதை மட்டுமே. அத்தகைய பாதையில் வண்டியைத் திருப்ப இடமிராது. அக்கால வேவுப் படைகளில் பரவலாக ஓடிய டிங்கோ என்ற சிறு வண்டி ஐந்து கியர்களிலும் பின்னோக்கி ஓடும்படி செய்யப்பட்டிருந்ததன் அருமை இங்கேதான் புரியும்.

27ஆம் லான்சர்ஸின் படைத்தலைவர் ஆண்ட்ரூ ஹார்ஸ்பிரோ-போர்ட்டரின் பெயரால் 'போர்ட்டர்ஃபோர்ஸ்' எனப்பட்ட கலப்புப் படை அங்கே போரிட்டது. அரிகோ போல்திரினி வழிநடத்திய 28ஆம் கரிபால்டி பிரிகேடைச் சேர்ந்த, ஜெர்மானியரை எதிர்த்த இத்தாலியப் போராளிகளும் உடன் நின்றனர். 1944 டிசம்பர் 4 அன்று ரவென்னா விடுவிக்கப்பட்டது. சில நாட்களில், முற்றுகையில் சிக்கிய 27ஆம் லான்சர்ஸ் குழு ஒன்றை மீட்கச் சென்ற, 'பாப்ஸ்கியின் தனிப்படை' எனப்பட்ட சிறு பிரிட்டிஷ் அதிரடிப் படையின் தலைவர் பாப்ஸ்கி, இடது கையை இழந்தார். பாப்ஸ்கியின் பெயர் நினைவில் நிற்கிறது. அவர் யாரை மீட்கச் சென்றார் என்பதைத்தான் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

குறைந்த காலமே இருந்த படைப்பிரிவைத் தாய்ப்படையான 12ஆம் லான்சர்ஸின் கதையோடு ஒட்டிவைப்பது வசதியானது. அதன் உறவை நானும் மறுக்கவில்லை. ஆயினும் ரவென்னாவில் 27ஆம் லான்சர்ஸ் தனிப் படைப்பிரிவாகவே பணியாற்றியபோது, அதை மற்றொன்றின் நிழலில் நிறுத்துவது வரலாற்றுக் கணக்கில் பிழை என்பது என் கருத்து.

எனவே, 27ஆம் லான்சர்ஸின் போர் நாட்குறிப்பை அந்தக் கால்வாய் நிலத்தின் வரைபடங்களோடும், இத்தாலியப் போராளிகளின் பதிவுகளோடும் அருகருகே வைத்து, அப்படைப்பிரிவின் சொந்தப் பெயரிலேயே இணையத்தில் படிக்கத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ரவென்னாவுக்கு முந்தைய அக்டோபர், நவம்பர் மாதப் பக்கங்களிலிருந்து தொடங்கினாலே போதும்.

இப்படிக்கு,
போர் வரலாற்று வாசகன் ஒருவன்