வாஷிங்டன் செல்லும் உறுப்பினர்களின் கவனத்திற்கு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். வாஷிங்டன் செல்லவிருப்போர், வெள்ளை மாளிகைக்கு அருகிலுள்ள 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்னும் மகளிர் சங்கத்தின் தலைமையகத்தையும், அதையொட்டி ஜான் ரசல் போப் வடிவமைப்பில் 1929-இல் எழுந்த கான்ஸ்டிடியூஷன் ஹால் இசையரங்கையும் தவறாமல் பார்த்துவருமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய கட்டடத்தின் தெற்கு முகப்பில் அரைவட்டமாக நிற்கும் 13 தூண்கள், தொடக்ககால 13 மாநிலங்களைக் குறிப்பவை. நின்று எண்ணிப் பாருங்கள்.

1939-இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு இவ்வரங்கம் மறுக்கப்பட்டதும், அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் சங்கத்திலிருந்தே விலகினார்; ஏப்ரல் 9 அன்று, குளிருக்கு மென்மயிர் மேலங்கி அணிந்தபடி, லிங்கன் நினைவிடப் படிகளில் நின்று, ஏறத்தாழ 75,000 பேர் முன்னிலையில் ஆண்டர்சன் பாடினார். அந்த மறுப்பைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 1943-இல் அவர் இதே அரங்கின் மேடையேறிப் பாடினார்.