85-0

அன்புள்ள சேகர்,

நீ திட்டி எழுதிய கடிதம் வந்தது. திட்டியது போதும், பதில் போட்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. ராமசாமி இன்னும் அந்தக் குடையைத் திருப்பித் தரவில்லையா?

சிக்காகோவில் பெரியவள் வீட்டில் இருக்கிறேன். அவள் வேலைக்குப் போனதும் பொழுது போகாமல், பக்கத்திலிருக்கும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கதையைக் கிளறினேன். இங்கே ஃபுட்பால் என்றால் முட்டைப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. கேட்டால் உனக்கு ரத்தம் கொதிக்கும்.

1892 முதல் 1932 வரை ஒரே கோச், அலோன்சோ ஸ்டாக். 56 ஆட்டங்களாகத் தோற்காத மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 1905-இல் 2-0 என்று சாய்த்தவர். எழுபது வயதானதும் போகச் சொன்னார்கள். மனிதர் வேறு கல்லூரிக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935-இல் முதன்முதலாக வாங்கியதும் இங்கே படித்த ஜே பெர்வாங்கர்தான். அவருடைய உறவுக்கார அம்மாள் ஒருவர் வீட்டில் அந்தக் கோப்பை ரொம்ப நாள் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததாம்!

அடுத்த நாலே வருஷத்தில் சரிவு. 1939-இல் அதே மிச்சிகனிடம் 85-0. அதற்கப்புறமும் பையன்கள் களம் இறங்கினார்கள். ஓஹாயோ ஸ்டேட்டிடம் 61-0. அந்த டிசம்பரிலேயே பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அணியைக் கலைத்துவிட்டார். படிக்க வரும் இடத்தில் இந்தக் கூத்து எதற்கு என்பது அவர் கட்சி. தோற்றவன் ஆட்டத்தைக் குறை சொல்கிறான் என்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெயிப்பதற்காகவே ஆட்டக்காரர்களைப் பிடித்து வந்து பேருக்கு மாணவர் என்று சேர்த்துக்கொள்ள மற்ற இடங்களில் கூசவில்லை. இவர் மாட்டேன் என்றார். ஆனால் ஆசைப்பட்டு ஆட வந்த பையன்களுக்கு என்ன பதில்? இதை நினைத்துத்தான் தூக்கம் கெடுகிறது.

காலியான அந்த ஸ்டேடியத்தின் மேற்குக் காலரிக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2-ஆம் தேதி விஞ்ஞானி ஃபெர்மியின் குழு அணுத் தொடர்வினையைக் கட்டுக்குள் நடத்திக் காட்டியது. ஸ்டேடியம் இருந்த இடத்தில் இன்று நூலகம். 1969-இல் அணி திரும்பி வந்தது. இப்போது விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, படித்துக்கொண்டே ஆட வேண்டும். பெரியவளை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் குளிர் என்கிறாள்.

85-0 என்றதும் நம் திண்டுக்கல் மேட்ச் ஞாபகம் வந்தது. கோல்கீப்பர் யாரென்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஹட்சின்ஸ் செய்தது சரியா, தப்பா? பி.டி. மாஸ்டரையும் கேட்டு எழுது.

அன்புடன்,
மூர்த்தி