பிரித்துக் காட்டிய கைக்கு ஒரு நன்றி மடல்

சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்து நர்சரிக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கொட்டையில் முளைத்த கன்றைப் பிளந்து, தாய் மரத்துக் குச்சியைச் செருகி நாங்கள் கட்டிய மா ஒட்டுகள் ஆனி, ஆடியில் செத்துப்போனது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. இன்று காலை நிழல்வலைக்குள் செம்பு நிறத்தில் துளிர் நிற்கிறது. பார்த்த கையோடு உட்கார்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

தவணையைத் தள்ளிவைத்துப் பொறுத்துக்கொண்டவர்களுக்கும், கேட்காமலே நிழல்வலை கொண்டுவந்து கட்டிய பக்கத்து நர்சரிக்கும், மாங்கூழ் ஆலைக் கொட்டையை ஏற்றிவந்து “வாடகை அப்புறம் பாத்துக்கலாம்” என்ற டெம்போ அண்ணனுக்கும் நன்றி. நீலம் கடைசியில் வருகிற ரகம் என்பதால்தான் ஆடியிலும் கொட்டை கிடைத்தது. தாய் மரத்தில் பெங்களூரா, செந்தூரா, நீலம் குச்சிகளை வெட்டிக்கொள்ள விட்ட தோட்டக்காரர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். குச்சி வெட்டிய கிளையில் அடுத்த பூ குறையும் என்று தெரிந்தேதான் விட்டார்கள்.

இந்த மடலின் பெரும்பகுதி ஒரு பெரியவருக்கு உரியது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மரத்தைச் சுற்றிப் பரண் கட்டி, தொட்டிச் செடியைக் கிளையோடு சேர்த்து இரண்டு மூன்று மாதம் காத்திருந்து ஒட்டுக் கட்டிய தலைமுறை. அவர் பணம் கொண்டுவரவில்லை, செடியும் கொண்டுவரவில்லை. குப்பைக்குப் போகவிருந்த செத்த ஒட்டுப் பைகளைப் பார்த்து, “கொட்டாதீங்க, பிரிச்சுப் பாக்கலாம்” என்றார். அவ்வளவுதான். சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

செத்த ஒட்டை இந்தத் தொழிலில் யாரும் பிரிப்பதில்லை. விடியும் முன்னே குழியில் கொட்டி மூடிவிடுவார்கள். பிடித்தால் கைராசி, பிடிக்காவிட்டால் கைராசி இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓசூர்க் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

பெரியவர் ஒவ்வொன்றாக நாடாவை அவிழ்த்து, சேர்ந்த இடத்தை விரலால் விரித்து, சாக்கின் மேல் நான்கு குவியலாக வைத்தார்.

முதல் குவியலில் குச்சியின் ஆப்பு, அதாவது செருகுவதற்காகச் சீவிய அடிமுனை, முழுக்கக் கறுத்திருந்தது, நடுவில் இடைவெளி. கத்தி மழுங்கியதால் ஒரே இழுப்பில் வராமல் இரண்டு மூன்று முறை சீவிய ஒட்டுகள் இவை. வெட்டு மேடுபள்ளமானால் இரண்டு பட்டையும் தொடாது. அதோடு மாவின் வெட்டுவாய் காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறிவிடும். ஆப்பைச் சீவிவிட்டு அப்புறம் வேர்ச்செடியை, அதாவது கொட்டையில் முளைத்த அடிக்கன்றை, பிளப்பது தப்பு. முதலில் பிளந்து வைத்துக்கொண்டு, குச்சியைச் சீவிய உடனே செருக வேண்டும்.

இரண்டாவதில் மேலே குச்சி பச்சை, கீழே பிளவு மட்டும் அழுகல். தண்ணீர் இறங்கியிருக்கிறது. நாடாவைக் கீழிருந்து மேலாக, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறும்படி இழுத்துக் கட்டவில்லை; பூவாளியால் தலையோடு தண்ணீர் ஊற்றினோம்.

மூன்றாவதில் வெட்டு நன்றாக இருந்தும் குச்சி சுருங்கியிருந்தது. குற்றம் குச்சி எடுத்த விதத்தில். வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே இலையை மட்டும் கிள்ளி, காம்பை விட்டுவைக்க வேண்டும். காம்பு தொட்டால் உதிரும்போது மொட்டு பருத்திருக்கும். அப்போது காலை வெயிலுக்கு முன் 10 முதல் 12 செ.மீ. நீளத்தில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே கட்டிவிட வேண்டும்.

நான்காவது குவியலில்தான் அவர் வெகுநேரம் இருந்தார். துளிர் விட்டு, நம்பிக்கை கொடுத்து, பிறகு காய்ந்தவை அவை. குச்சிக்குள் இருந்த சேமிப்பைக் கொண்டே மொட்டு விரிந்துவிடும். கீழே ஒட்டு சேராமலே மேலே பச்சை காட்டும். குச்சி மெல்லியதாகவும் வேர்ச்செடி தடித்தும் இருந்தால் குச்சியை நட்டநடுவில் வைக்கக் கூடாது. ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்தப் பக்கத்துப் பட்டையாவது பட்டையோடு நேராகச் சேரும்படி வைக்க வேண்டும். நாங்கள் அழகுக்காக நடுவில் வைத்திருந்தோம்.

ஐயா, நீங்கள் ஒருமுறைகூட “யார் கட்டினது இது?” என்று கேட்கவில்லை. ஒவ்வொரு பையிலும் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டீர்கள். கைராசி இல்லை என்று சொல்லியிருந்தால் எங்கள் தொழிலே அங்கே முடிந்திருக்கும். கத்தி மழுங்கல் என்று சொன்னதால் கல்லில் தீட்டிக்கொண்டோம். திருத்த முடிகிற காரணம் ஒன்றைக் கையில் கொடுத்தீர்கள். ஒட்டுக் கட்டக் கற்றுக்கொடுக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் உண்டு. ஒட்டு ஏன் செத்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆள் எத்தனை பேர்?

ஆவணியில் முளைத்து 8, 10 நாளான, இலையின் செம்பு நிறம் மாறாத கன்றுகளில் திரும்பக் கட்டினோம். நீங்கள் சொன்ன வரிசையில்தான். அதற்கும் மேலே, கன்று கேட்டு வந்த விவசாயிகளிடம் “அவங்க கட்டின செடி, தாராளமா வாங்குங்க” என்று உங்கள் வாயால் சொன்னீர்கள் என்று பிறகுதான் காதுக்கு வந்தது. இத்தனை வருடம் சேர்த்த பேரை எங்களுக்காகப் பணயம் வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த பருவத்திலிருந்து எங்கள் பாத்திகளில் எந்தத் தாய் மரத்துக் குச்சி, எந்த நாள், யார் கை என்று எழுதிய அட்டை இருக்கும். திட்டுவதற்கு இல்லை, பிரித்துப் பார்க்கும்போது காரணம் தெரிவதற்கு. புதிதாகக் கத்தி பிடிக்கும் ஒவ்வொரு பிள்ளையோடும் எங்களில் ஒருவர் செத்த ஒட்டுகளைப் பிரித்து உட்காருவோம். பிள்ளைகள் எங்களிடம் இருந்தாலும் சரி, பக்கத்து நர்சரியில் இருந்தாலும் சரி. அந்தச் சாக்கை எடுத்து வைத்திருக்கிறோம்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை இப்போதே கிள்ளத் தொடங்கிவிட்டோம். மூன்று மாதத்தில், தண்டை இறுக்கும் முன் நாடாவை அவிழ்க்க வேண்டும். மார்கழியில் நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம். முதல் நாடாவை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும், ஐயா. டெம்போ அண்ணன் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.